ஹிஸ்தேமி: நின்றாரா, நிறுத்தினாரா? கிரேக்கம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கிரேக்கம் படிப்பவர்களை ஹிஸ்தேமி என்ற வினை கொஞ்ச காலமாவது படுத்தி எடுக்கும். ‘நில்’ என்று ஒரு பொருளை மனதில் போட்டுக்கொண்டு எல்லா வடிவத்துக்கும் அதையே ஒட்டுவதுதான் முதல் தவறு. ஹிஸ்தேமி என்றால் ‘நிறுத்துகிறேன், நாட்டுகிறேன்’. பிறவினை. எதிர்காலமான ஸ்தேசோவும் அப்படியே.

சிக்கல் இறந்தகாலத்தில். இந்த வினைக்கு அயோரிஸ்ட் எனும் இறந்தகால வடிவம் இரண்டு உண்டு. எஸ்தேஸ என்றால் நிறுத்தினேன், எஸ்தேன் என்றால் நின்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் படித்தால் யார் எதைச் செய்தார் என்பதே மாறிவிடும். ஹிஸ்தேமியோடு ‘அன’ என்ற முன்னொட்டு சேர்ந்த வினையைப் பாருங்கள். ஈஸ்டர் அன்று கிரேக்கர்கள் சொல்லும் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’யில் (இன்றைய உச்சரிப்பு இது, பழையது அனெஸ்தே) கிறிஸ்து ‘எழுந்தார்’. பைபிளில் அப்போஸ்தலர் 2:24-இல் வரும் அனெஸ்தேஸென், கடவுள் அவரை ‘எழுப்பினார்’. எழு-எழுப்பு, நில்-நிறுத்து என்ற வேறுபாடு நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறதே, அப்புறம் ஏன் ஆங்கிலப் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்தில் நேராகத் தமிழ் வினையையே எழுதிவையுங்கள்.

சரி, எஸ்தேஸன் என்று வந்தால்? ‘நிறுத்தினார்கள்’, ‘நின்றார்கள்’ இரண்டுக்கும் அதே எழுத்துகள்தான், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்லுக்குள் விடை கிடையாது, செயப்படுபொருள் இருக்கிறதா என்று வாக்கியத்தில்தான் தேட வேண்டும். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர்களான ஹெரோடோடஸும் தூசிடிடீஸும் வாசிப்பவர்கள் அபெஸ்தேஸன் என்ற கூட்டுவினையில் இதே இடத்தில் இடறுவார்கள்: ஊரார் தாங்களே கலகம் செய்தார்களா, வேறு யாரையாவது கலகத்துக்குத் தூண்டினார்களா? இரண்டாம் வேற்றுமையில் ஒரு பெயர் இருந்தால் தூண்டினார்கள்.

ஹெஸ்தேக என்ற பெர்ஃபெக்ட் (செயல் முடிந்த நிலையைக் காட்டும்) வடிவத்தை ‘நின்றிருக்கிறேன்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அது ‘நிற்கிறேன்’, இப்போது, இங்கே. வெளிப்படுத்தல் 3:20-இல் வாசலில் நின்று தட்டுபவர் சொல்வது இந்தச் சொல்லைத்தான்.

கடைசியாக, அந்த ஹகரம். ஹெஸ்தேகவில் அது உண்டு, எஸ்தேனில் கிடையாது. எழுதும்போது பலர் இரண்டிலும் போட்டுவிடுகிறார்கள். ஹிஸ்தேமியும் ஹெஸ்தேகவும் வேரின் முதல் ஒலியான ஸகரத்தை முன்னால் இரட்டித்து உண்டானவை, அந்த ஸகரம்தான் கிரேக்கத்தில் ஹகரமாகத் தேய்ந்தது (லத்தீன் சிஸ்தோவில் இன்னும் அப்படியே இருக்கிறது, ஸ்தானம், ஸ்தாபனம் என்று வடமொழி வழியாக நமக்கு வந்த சொற்களின் வேரும் இதுவே). எஸ்தேனின் எகரம் வெறும் இறந்தகால முன்னொட்டு, அங்கே ஸகரம் எதுவும் தேயவில்லை.