கணவன் மனைவி பற்றி ஐந்தாறு வரிக் கவிதை எழுதும் முறை

கணவன் மனைவி பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்ததும் மாங்கல்யம், அம்மி, அருந்ததி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். விட்டுவிடுங்கள். எல்லாத் தம்பதிக்கும் பொதுவானதில் யார் முகமும் தெரியாது. அந்த வீட்டில் நடக்கும் ஒரு சின்னச் செயல் போதும்: மாத்திரை எடுத்து வைப்பது, முதுகுக்குத் தைலம் தேய்ப்பது, கரண்ட் போனால் விசிறுவது.

முதலில் அதை உரைநடையில் ஐந்தாறு வாக்கியமாக எழுதுங்கள். கை எங்கே இருந்தது, என்ன வாசனை, யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும். பிறகு அன்பு, பாசம், வாழ்க்கை, உயிர் என்ற சொற்களை அடியுங்கள். அடித்தபின் ஒன்றும் மிஞ்சவில்லையா? செயலை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்து, சொல்பவர் யார்? சங்க நூலான குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் புலவர் கூடலூர் கிழார் இதற்கு அருமையான வழி காட்டுகிறார். தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிப்புக் குழம்பு வைக்கிறாள் ஒரு பெண். இனிது என்று கணவன் உண்கிறான். இதைச் சொல்வது அவளும் அல்ல, அவனும் அல்ல. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் (அவளை வளர்த்தவள்) நற்றாயிடம் (பெற்றவளிடம்) சொல்கிறாள். தன் மகிழ்ச்சியைத் தானே பீற்றிக்கொள்ள அங்கே ஆள் இல்லை, அதனால் நம்பிவிடுகிறோம். மொத்தம் ஆறே அடி.

கடைசி அடியைப் பாருங்கள்: 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.' ஒளிரும் நெற்றிக்காரியின் முகம் நுட்பமாக மகிழ்ந்தது என்று பொருள். வினை முன்னே போய், முகம் கடைசியில் நிற்கிறது. நம் பேச்சில் வினை கடைசியில் வரும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று மடித்தால் எல்லா வரியும் -ஆன், -ஆள் என்றே முடிந்து நாட்குறிப்பு மாதிரி ஆகிவிடும்:

அவன் விசிறினான்.
அவள் தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினான்.
"கை வலிக்குதா" என்று அவள் கேட்டாள்.

இதையே இப்படி மாற்றலாம்:

கரண்ட் போன இரவு.
தூங்கிவிட்டாள் என்று
நிறுத்தினான் விசிறியை.
"வலிக்குதா கை?"
கண் திறக்காத குரல்.

அவன், அவள் இரண்டும் போய்விட்டன; வினைவிகுதியே ஆளைக் காட்டிவிடும். பேச்சை மட்டும் பேச்சுத்தமிழிலேயே விடுங்கள். 'வலிக்கிறதா' என்று திருத்தினால் படுக்கையில் கேட்ட குரலாக இராது.

ஆறாவது வரியாக 'இதுதான் தாம்பத்தியம்' என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். வாசகர் காதில் அந்தக் குரல்தான் கடைசியாக விழ வேண்டும்.

மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் வரியை மடியுங்கள். 'போல' இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டு விஷயம் என்றால், வெளியிடும் முன் துணையிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள்.