லேசர் கதிரை இரண்டு கண்ணாடிகளால் நேராக்குவது எப்படி?

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனாலும் சரி, ஐஐடி டெல்லி ஆனாலும் சரி, ஒளியியல் பொறியியல் படிக்கப் போகிறவர்கள் ஆய்வகத்தில் முதலில் கைபழக வேண்டிய வேலை இது: லேசர் கதிரை நாம் நினைக்கும் கோட்டில் ஓடவைப்பது. டோனா ஸ்ட்ரிக்லண்ட் ரோசெஸ்டரில் பிஎச்.டி மாணவியாக 1985-ல் செய்த லேசர் ஆய்வுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மாதிரி வேலைக்கும் அடிப்படை இதுதான். இது கைவராமல் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியைப் பிரித்து மறுபடி சேர்த்து அளக்கும் கருவி) அமையாது, ஃபைபருக்குள் (மெல்லிய ஒளியிழை) ஒளி நுழையாது.

தேவையானவை: 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட ஹீலியம்-நியான் லேசர் (632.8 நானோமீட்டர், சிவப்பு), திருகு வைத்த மவுண்ட்டில் (தாங்கியில்) இரண்டு சமதள முகம்பார்க்கும் கண்ணாடிகள், இரண்டு ஐரிஸ், ஸ்கேல், வெள்ளை அட்டை. ஐரிஸ் என்பது கேமராவில் இருப்பதுபோல் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடு.

முதலில் மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றிவிடுங்கள். கதிர் அதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனியும்போது கண் கதிரின் மட்டத்துக்கு வந்துவிடும். லேசரை மறைத்துவிட்டுக் குனியுங்கள்.

அப்புறம் உயரம். 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். லேசர், கண்ணாடிகளின் மையம், ஐரிஸ் துளைகள் எல்லாம் மேசையிலிருந்து அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

கதிர் போகும் வரிசை: லேசர், முதல் கண்ணாடி, இரண்டாம் கண்ணாடி, பக்கத்து ஐரிஸ், தூரத்து ஐரிஸ். கண்ணாடிகளுக்கு இடையே 30 செ.மீ., இரண்டாம் கண்ணாடியிலிருந்து பக்கத்து ஐரிஸுக்கு 10 செ.மீ., தூரத்து ஐரிஸுக்கு 110 செ.மீ. இருக்கட்டும். திருகுகளை நடுநிலையில் வைத்துவிட்டு, மவுண்ட்டைக் கையால் திருப்பி, கதிர் உத்தேசமாக ஐரிஸ்கள் பக்கம் போகும்படி செய்யுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். முதல் கண்ணாடியின் திருகுகளால் பக்கத்து ஐரிஸில் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். துளையைச் சுருக்கினால் அதைச் சுற்றி ஒரே அகலத்தில் சிவப்பு வளையம் தெரிய வேண்டும். பிறகு அந்த ஐரிஸைத் திறந்துவிட்டு, இரண்டாம் கண்ணாடியால் தூரத்து ஐரிஸை நடுவாக்குங்கள். திரும்பப் பக்கத்து ஐரிஸ். இப்படி மாறி மாறி.

ஏன் இந்த வரிசை? கண்ணாடி 1 மில்லிரேடியன் (கோண அளவு, ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) திரும்பினால் கதிர் 2 மில்லிரேடியன் திரும்பும். இரண்டாம் கண்ணாடியை அவ்வளவு திருப்பினால் தூரத்து ஐரிஸில் புள்ளி 2.2 மி.மீ. நகரும், பக்கத்து ஐரிஸில் வெறும் 0.2 மி.மீ. தூரத்தைச் சரிசெய்யும்போது பக்கத்தில் செய்த வேலை அதிகம் கெடுவதில்லை. மேலே சொன்ன இடைவெளிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். நாலைந்து சுற்றில் கதிர் இரண்டு துளைகளின் நடுவிலும் நிலையாக நின்றுவிடும்.

இதை மாற்றி, முதல் கண்ணாடியால் தூரத்து ஐரிஸையும் இரண்டாம் கண்ணாடியால் பக்கத்து ஐரிஸையும் நடுவாக்கினால் பிழை சுற்றுக்குச் சுற்று பெருகும். என் முதல் நாளில் கையில் கிடைத்த குறிப்புத் தாளில் இது தலைகீழாக இருந்தது. ஒரு மதியம் முழுக்கத் திருகினேன். புள்ளி கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியே போய்விட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. அதனால்தான் கணக்கோடு எழுதுகிறேன்.

சரி, கதிர் இரண்டு துளைகளின் நடுவிலும் போகிறதா? இனி கண்ணாடிகளைத் தொடாதீர்கள். ஐரிஸ்களுக்கு இடையே ஒரு குவிலென்ஸை வையுங்கள். தூரத்து ஐரிஸில் ஒளிவட்டம் இடப்பக்கம் ஒதுங்கினால் லென்ஸின் மையம் இடப்பக்கம் இருக்கிறது. லென்ஸை வலப்பக்கம் நகர்த்துங்கள். லென்ஸின் முகத்தில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளி பக்கத்து ஐரிஸின் துளையைச் சுற்றிச் சமமாக விழுந்தால் லென்ஸ் சாயாமல் நிற்கிறது. அடுத்த லென்ஸை வைக்கலாம்.