கல்லூரி வளாகத்தின் பசுமையை அளப்பதும் அதைப் பத்துப் பேருக்குப் புரியவைப்பதும்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் முன்பு பல கல்லூரிகளில் பசுமைத் தணிக்கை நடக்கும். மரங்களை எண்ணி, பெயர்ப்பலகை மாட்டி, கோப்பில் வைத்துவிடுவார்கள். 2,000 மரம் இருக்கிறது என்பது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். அந்த நிலப்பரப்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு மழையை உள்ளே வாங்குகிறது, உதிரும் இலை எங்கே போகிறது என்று கேட்டால்தான் மதிப்பீடு தொடங்குகிறது. இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளிக் கல்லூரிகளுக்கானது.

முதலில் வரைபடம். கூகுள் எர்த்தில் கூரை, சிமென்ட் தரை, புல்தரை, மர நிழல், வெற்று மண், புதர் என்று பிரித்துக் கோடு போட்டுப் பரப்பளவு எடுங்கள். மேலிருந்து பார்த்தால் மர நிழலுக்குக் கீழே இருப்பது புல்லா, பேவர் பிளாக்கா என்று தெரியாது. அந்த இடங்களுக்கு மட்டும் டேப்புடன் நடந்தே ஆகவேண்டும்.

அடுத்தது தண்ணீர். நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓஸ் முனையில் 20 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800. ஐந்து மணி நேரம் ஓடினால் 9,000 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. உயரம் நிற்கும். ஆகவே 1,000 சதுர மீட்டர் புல்தரைக்கு அது 9 மி.மீ. ஏப்ரல் வெயிலிலும் புல்லின் தேவை நாளுக்குச் சுமார் 5 மி.மீ. தான். மிச்சம் வேரைத் தாண்டி இறங்கும், அல்லது நடைபாதையில் ஓடும்.

இந்தக் கணக்கு தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். மற்றக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு அளந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும். வழக்கமாக எத்தனை ஓஸ் ஓடுமோ அத்தனையையும் திறந்துவிட்டு அளக்கவேண்டும். மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துக் கணக்குப் போட்டாலும் சரிவராது. கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் பலகையில் இருக்கும் எண் இறங்காது. தெளிப்பான் இருந்தால், நேரான பக்கமுள்ள ஒரே அளவு டப்பாக்கள் இருபதை வரிசையாக வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு டப்பாவில் 2 மி.மீ., இன்னொன்றில் 8 மி.மீ. என்றால் காய்ந்த மூலையைக் காப்பாற்ற மொத்தத் தரைக்கும் கூடுதலாக நீர் விடுகிறார்கள் என்று பொருள். பல சமயம் அடைத்த முனையைச் சுத்தம் செய்தாலே போதும்.

மண் மழையை வாங்குகிறதா என்று பார்க்க 15 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். 5 செ.மீ. மண்ணுக்குள் தட்டி இறக்கி, 440 மி.லி. ஊற்றினால் 25 மி.மீ. நீர் நிற்கும். முதல் தடவை ஊற்றியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். காய்ந்த மண் அதைச் சட்டென்று உறிஞ்சிவிடும். இரண்டாவது இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலானால் அந்த மண் இறுகியிருக்கலாம். மரத்தடியில் பைக் நிறுத்துமிடத்திலும் தினமும் துடைப்பம் படும் இடத்திலும் இப்படித்தான் இருக்கும். கரிசல் மண்ணில் வெடிப்பின் மேல் குழாயை வைத்தால் நீர் மாயமாகிவிடும், அது பொய்யான முடிவு. ஒரு மழைக்குப் பின் வெடிப்பு மூடியதும் அளக்கலாம்.

மரங்களில் எண்ணிக்கையை விட வகை முக்கியம். ஒரே இனம் மொத்தத்தில் 10 சதவீதத்தையும், ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டாமல் இருப்பது நல்லது. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, பெருங்கொன்றை, புங்கம், சரக்கொன்றை என ஐந்து வகை இருக்கிறதே என்று மகிழ்ந்தால், ஐந்தும் அவரைக் குடும்பம். இடையில் இலுப்பை, நாவல், மகிழம், புன்னை, பூவரசு வரட்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் போட்ட மரங்களைத் தனியாகக் குறியுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் உடைத்தெடுப்பது புதிதாக நூறு கன்று நடுவதைவிடப் பயனுள்ள வேலை. கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மர வரிசை இருந்தால் அதையும் எழுதுங்கள். குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது.

இலைக்குப்பையை ஒரு வாரம் சாக்குக் கணக்கில் எடை போட்டால் போதும்.

இனி விழிப்புணர்வு. கருத்தரங்கும் ஊர்வலமும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அளந்த எண்ணைப் புல்தரை ஓரத்திலேயே எழுதி வையுங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 'இந்தப் புல்தரை இன்று குடித்தது 66 பேருக்கான தண்ணீர்' என்று விடுதி மாணவர் கண்ணில் படட்டும், அதுவும் குளியலறையில் தண்ணீர் வராத வாரத்தில்.

பக்கத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் ஒரு துண்டைப் புல் வெட்டாமல், உள்ளூர்ச் செடிகளுக்கு விடுங்கள். செடிகளுக்கிடையே 5 முதல் 7 செ.மீ. உலர் இலை மூடாக்கு, தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். இப்படி விட்ட இடத்தைப் பார்த்ததும் 'பராமரிப்பே இல்லை, பாம்பு வரும்' என்று புகார் வரும். ஓரத்தில் ஒரு மீட்டர் அகலம் சீராக வெட்டி, ஒரு பலகையும் வைத்தால் வேண்டுமென்றே விட்டது என்று புரியும், புகாரும் குறையும்.

மாணவர்களுக்கு முன்பே தோட்ட ஊழியர்களிடம் பேசுங்கள். ஓஸைப் பிடிப்பவர் அவர். மேற்பார்வையாளர் 'பச்சையாக இருக்கணும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், எந்தச் சுவரொட்டியும் குழாயை மூடாது.

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஆம் தேதி கன்று நடும் விழாவையும் மாற்றப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் அந்தக் கன்று நான்கு மாதம் வாளித் தண்ணீரில்தான் பிழைக்கவேண்டும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நட்டால் மழையே வேர்பிடிக்க வைக்கும். ஜூன் 5 அன்று குழி வெட்டி உரம் போட்டு வைக்கலாம், புகைப்படத்துக்கும் அது போதும்.

எதாவது மாறியதா என்று பார்க்க, தொடக்கத்திலேயே நூறு மாணவர்களிடம் ஐந்து கேள்வி கேட்டுப் பதிவு செய்யுங்கள்: வளாகத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வகுப்பு வாசலில் நிற்கும் மரம் எது, இலைக்குப்பை எங்கே போகிறது என்பது போல. 'சுற்றுச்சூழல் முக்கியமா' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். ஒரு பருவம் கழித்து அதே கேள்விகள். நீர் அளவையும் அடுத்த ஏப்ரலில் அதே குழாய்களில் எடுக்கவேண்டும். அளந்த மாணவர்கள் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள், ஆகவே அளந்த ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்துச் சுவரில் பெயின்டால் ஒரு எண் போட்டுவிடுங்கள்.