ஆட்டோமேஷன் கருவி: காசு கொடுத்ததா, ஓப்பன் சோர்ஸா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக் கட்டுவது (பில்ட்), சோதிப்பது (டெஸ்ட்), வெளியிடுவது (டெப்லாய்) ஆகிய வேலைகளைத் தானியங்கியாக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள், நாங்கள் முன்பு இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்றாலும் பராமரிப்புச் செலவு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் கருவிக்குள்ளேயே எழுதி வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நான் வேலை பார்த்த ஓர் அணியில், திரையில் கிளிக் செய்வதைப் பதிவு செய்து திரும்ப ஓட்டும் வணிகக் கருவி ஒன்று இருந்தது. டெஸ்டுகள் மளமளவென்று பெருகின. புதுப்பிக்கும் கட்டணம் ஏறியதும் பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவியான செலினியத்துக்கு மாற முடிவு செய்தார்கள். ஏற்றுமதி செய்து பார்த்தால் படிகளின் பெயர்கள் மட்டும் வந்தன. எந்தப் பட்டனை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விவரம் கருவியின் சொந்த வடிவத்திலேயே தங்கிவிட்டது. அத்தனையையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கையால்தான் சோதனை.

சரி, ஓப்பன் சோர்ஸ் எடுத்தால் தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. பில்ட், டெஸ்டுகளை ஓட்டும் ஓப்பன் சோர்ஸ் சர்வரான ஜென்கின்ஸில், திரையிலேயே நிரப்பும் ஃப்ரீஸ்டைல் ஜாப் உருவாக்கி, ஷெல் கட்டளைகளை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒட்டுகிறார்கள். அது சர்வரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகக் கிடக்கும், கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் இருக்காது. ஒருவர் ஒரு வரியை மாற்றினால், ஏன் மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. வேலைப் படிகளைக் கோடோடு சேர்த்து வைக்கும் ஜென்கின்ஸ்ஃபைலே எழுதினாலும், பிளக்இன்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) நம்பி, அதன் மொழியான க்ரூவியில் நூற்றுக்கணக்கான வரி எழுதினால், இன்னொரு கருவியான கிட்லேபுக்கு மாறும்போது அதில் எதுவும் கூட வராது.

பில்டும் டெஸ்டும் ரெப்போவில் (கோடு இருக்கும் கிட் களஞ்சியத்தில்) இருக்கும் சாதாரண ஸ்கிரிப்டாக இருக்கட்டும். கருவிக்கு வேலை வரிசையைச் சொல்லும் பைப்லைன் கோப்பு அதை ஒரு வரியில் கூப்பிட்டால் போதும். எப்போது ஓட வேண்டும், ரகசியச் சாவிகள், யார் ஒப்புதல் தர வேண்டும் என்பவற்றை மட்டும் கருவியிடம் விடுங்கள். அப்புறம், பில்ட் உடைந்தால் கோடை சர்வருக்கு அனுப்பிவிட்டு (புஷ்) காத்திருக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். வாங்கும் முன், சோதனைக் காலத்திலேயே ஒரு நிஜ டெஸ்டை அந்தக் கருவியிலிருந்து வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

லைசென்ஸ் மாறாது என்று நம்புவது

சர்வர்களைக் கோடு மூலம் அமைக்கும் கருவியான டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸைக் கைவிட்டது. சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. போட்டிச் சேவை நடத்துகிறவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. பழைய கோடிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. மூலம் திறந்திருந்ததால்தான் அப்படிக் கிளைக்க முடிந்தது. வணிகக் கருவி விலையை ஏற்றினால் அந்த வழி கிடையாது. ஒரே நிறுவனம் மட்டும் வளர்க்கும் திட்டமா, பலர் சேர்ந்து நடத்துவதா என்று முதலிலேயே பாருங்கள்.

காசு கொடுத்தால் பாதுகாப்பும் சேர்ந்து வரும் என்று நினைப்பது

2023 ஜனவரியில், பில்டுகளை ஓட்டும் வணிகச் சேவையான சர்க்கிள்சிஐ, ஓர் ஊடுருவலுக்குப் பிறகு, தன்னிடம் சேமித்த ரகசியச் சாவிகளை எல்லாம் மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் கேட்டது. 2025 மார்ச்சில், கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பலர் பயன்படுத்திய ஓர் ஓப்பன் சோர்ஸ் ஆக்ஷனின் (தயாராகக் கிடைக்கும் வேலைப் படியின்) பதிப்புக் குறிகளைத் தீங்கான கோடுக்குத் திருப்பிவிட்டார்கள். ரகசியங்கள் லாகில் அச்சாயின. பதிப்புக் குறிக்குப் பதிலாக, அதற்கு முந்தைய கமிட் ஹாஷை (ஒரு குறிப்பிட்ட கோடு மாற்றத்தின் நிலையான அடையாளத்தை) குறிப்பிட்டுக் கட்டி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பொறுப்பாளர் இல்லாமல் ஜென்கின்ஸ் நிறுவுவது

வேண்டாம். பிளக்இன்களைப் புதுப்பிக்க ஒருவர் பெயர் முடிவாகும் வரை நிறுவாதீர்கள்.