மூளைக்காய்ச்சல் கொசுக் கண்காணிப்பு: வயலில் தொடங்கும் தவறுகள்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. நெல்வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசுதான் அதை மனிதரிடம் கொண்டுவருகிறது. இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலாக 1955-இல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. குழந்தைகள் காய்ச்சலில் விழும் முன்பே எச்சரிக்கையாக வேண்டுமானால் கொசுவில் வைரஸைத் தேட வேண்டும். பிடிப்பதிலேயே கோட்டைவிட்டால் ஆய்வகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பகலில் வீட்டுச் சுவர்களில் தேடிப் பயனில்லை. இந்நோயை அதிகம் பரப்பும் கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் என்ற கொசு இனம் பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும். பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் தொழுவத்தைச் சுற்றியுள்ள செடிகளிலும் கூரை ஓலையிலும் டார்ச் அடித்து, உறிஞ்சுகுழாயால் பிடியுங்கள். விளக்குப் பொறி வைப்பதானால் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், தெருவிளக்கு வெளிச்சம் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். கயிற்றில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். தடவாவிட்டால் எறும்பு இறங்கிவிடும். காலையில் வலைப்பையில் இறக்கையும் காலும்தான் மிஞ்சும். வாரத்துக்கு ஓர் இடமாகப் பொறியை மாற்றினால் கொசு கூடியதா குறைந்ததா என்று சொல்லவே முடியாது.

செத்த கொசு வெயிலில் கிடந்தால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ சிதைந்துவிடும். விடிந்ததும் பையை எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். இனம் பிரிப்பதும் குளிர்ந்த தட்டின் மேல்தான். பிறகு மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே சேமியுங்கள்.

கொசுக்களை ஒவ்வொன்றாக அல்ல, பலவற்றை ஒரே சோதனைக் குழாயில் சேர்த்தே சோதிப்பார்கள். ஒரு குழாயில் ஒரே இனம், ஒரே ஊர், ஒரே நாள், 50 கொசுவுக்கு மேல் வேண்டாம். வயிறு சிவந்தவற்றைத் தனியே வையுங்கள். அவை குடித்த பன்றி ரத்தத்திலேயே வைரஸ் இருக்கலாம். கொசுவுக்குத் தொற்றியதாக அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அதிகம் சறுக்குவது கணக்கில்தான். ஆயிரத்தில் எத்தனை கொசுவுக்குத் தொற்று என்று அறிய, வைரஸ் இருந்த குழாய்களின் எண்ணிக்கையை மொத்தக் கொசுவால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது வழக்கம். 50 கொசு வீதம் 20 குழாயில் இரண்டில் வைரஸ் இருந்தால் ஆயிரத்துக்கு 2. இது ஏறக்குறைய சரியாகவே வரும். 15 குழாயில் இருந்தால் இதே கணக்கு 15 என்று காட்டும். உண்மை மதிப்பீடு 27-ஐத் தாண்டும், ஏனென்றால் ஒரே குழாயில் பல கொசுவுக்குத் தொற்று இருந்திருக்கும். அங்கே, கிடைத்த முடிவுக்கு மிகவும் பொருந்தும் தொற்று விகிதத்தைத் தேடும் அதிகபட்ச நிகழ்தகவு முறையில் (maximum likelihood) கணக்கிட வேண்டும்.

'வைரஸ் இல்லை' என்று எழுதும்போது எத்தனை கொசுவைச் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆயிரத்தில் ஒரு கொசுவுக்குத் தொற்று இருக்கும் ஊரில் 200 கொசுவைச் சோதித்தால் அது சிக்கும் வாய்ப்பு 18 சதவீதமே. 95 சதவீதம் வேண்டுமானால் 3,000 கொசு தேவை.