பழைய கவர், பழைய ரோடு மேப்: புதிதாகச் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

தபால்தலைக் கண்காட்சிகளில் புதியவர்களின் ஆல்பத்தைப் புரட்டினால், ஆரம்பத்தில் நான் செய்த கோளாறுகளே வரிசைகட்டி நிற்கின்றன. ஈரக் கையோடு தொடாதே, வெயிலில் வைக்காதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிதக் கட்டைப் பிரிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பழைய காகிதம் எடைக்கு வரும்போது, ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் வந்த கடிதங்கள் சணல் போட்ட கட்டாகவே கிடைக்கும். எழுதியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், வருடக்கணக்கில் தொடர்ச்சி. வியாபாரி முதல் வேலையாக அதை அவிழ்த்து, தபால்தலை பளிச்சென்று இருக்கும் கவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார். உள்ளே இருக்கும் கடிதம்? "இது யாருக்குங்க வேணும்?" மூலையில் போய் விழும். நம் ஆளும் தலையாட்டிவிட்டு வெறும் கவரோடு வீட்டுக்கு வருவார்.

அப்படித்தான் ஒரு தம்பி ரங்கூன் கவர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பர்மா பிரிவதற்கு முந்தைய கடைசி வாரத்துக் கவர் என்று சொல்லி, அதற்காகவே கூடுதல் விலை வாங்கியிருக்கிறார்கள். பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது 1937 ஏப்ரல் 1. அதுவரை அங்கே ஒட்டியது இந்தியத் தலைதான். சரி, கவரில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கிறது. ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தலை 1911 முதல் புழக்கத்தில் இருந்தது. முத்திரையில் ஊர் தெரிகிறது, வருடம் இருக்கும் இடத்தில் மை அப்பிக் கிடக்கிறது. "அண்ணே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். உள்ளே கடிதம் இருந்திருந்தால் கேள்வியே இல்லை. மேலே பிள்ளையார் சுழி, 'சிவமயம்', அடுத்த வரியிலேயே வருஷமும் மாசமும் தேதியும் எழுதுவதுதான் அந்தக் கால வழக்கம். தாது என்ற தமிழ் வருஷம் 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிகிறது. பிரிவினை நாள் அந்தப் பங்குனியின் மூன்றாவது வாரத்தில் விழுகிறது. பங்குனி எத்தனாம் தேதி என்ற ஒரே வரி அந்தக் கூடுதல் விலை நியாயமா என்று சொல்லியிருக்கும். அந்த வரி போன இடம் பழைய பேப்பர் கடை.

கட்டாகக் கிடைத்தால் கட்டாகவே வாங்குங்கள். காசு பத்தாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து வாங்கி, பங்கு பிரிப்பதற்கு முன் எந்தக் கடிதம் எந்தக் கவருக்குள் இருந்தது என்று தெரியும்படி எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வட்டிக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டையும் விடாதீர்கள்.

முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது

போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். இரண்டு பக்கமும் படம் அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்றைய மாவட்டப்படி அடுக்குவது

நாகர்கோவில் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டுப் பக்கமே இல்லை. அது இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனி அஞ்சல், சங்கு பொறித்த தனித் தலைகள். 1951இல்தான் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அந்தக் கால நாகர்கோவில் கவரைச் சென்னை மாகாணப் பக்கத்தில் செருகியிருப்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

ரோடு மேப்பின் வயதைத் தோராயமாகச் சொல்வது

பர்மா ஷெல் போன்ற பெட்ரோல் கம்பெனிகளின் பழைய மேப்பில் வருடம் கண்ணில் படாவிட்டால், "சுதந்திரத்துக்கு முன்னாடி" என்று அடித்துவிடுகிறார்கள். எல்லைகளைப் பாருங்கள். ஆந்திரா தனி மாநிலமாக இருந்தால் 1953 அக்டோபருக்குப் பிந்தையது. கன்னியாகுமரி சென்னை மாநிலத்துக்குள் இருந்தால் 1956 நவம்பருக்குப் பிந்தையது. அப்புறம், ராமேஸ்வரத்தைப் பாருங்கள்: பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988இல், அதற்கு முன் ரயில் பாலம் மட்டுமே. தனுஷ்கோடி வரை ரயில் பாதை போட்டிருக்கிறதே, அப்படியானால் 1964 புயலுக்கு முந்தையதுதானே என்று அவசரப்பட வேண்டாம். பழைய அச்சையே மறுபடி ஓட்டியிருந்தால் புயலுக்குப் பிறகும் அந்தக் கோடு அப்படியே இருக்கும்.

லேமினேஷன்

வேண்டாம்.

செலோடேப்

அதுவும் வேண்டாம்.

ஓரத்தை வெட்டி ஃபிரேம் போடுவது

சர்வே ஆஃப் இந்தியா மேப்பில் அளந்த வருடம், பதிப்பு, அளவுகோல் எல்லாம் அந்த ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அளந்த வருடமும் அச்சிட்ட வருடமும் வேறுவேறு. ஃபிரேம் சின்னதாக இருந்தால் பெரிய ஃபிரேம் வாங்குங்கள்.