கிருஷ்ணகிரியிலிருந்து டெல்லிக்கு ஒரு கார், இரண்டு பேர்: முதல்முறை கிளம்புபவர்களுக்கு

இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை 44-ம், சென்னையிலிருந்து மும்பை வழியாக டெல்லி போகும் 48-ம் சந்திக்கிற ஊர் கிருஷ்ணகிரி. டோல்கேட் பக்கத்து டீக்கடையில் நின்றால், காஷ்மீரிலிருந்து ஆப்பிள் ஏற்றிய லாரி தெற்கே போவதைப் பார்க்கலாம். "இதே ரோட்டப் புடிச்சுப் போனா டெல்லிதான் மாப்ள" என்று நானும் நண்பனும் பல வருடமாக டீ குடித்தபடி பேசினோம். கடைசியில் ஒரு மே மாதம் கிளம்பியே விட்டோம். நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் நண்பனை ஓட்டிப் பாருங்கள்

காரை சர்வீஸ் விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் தர்மபுரி, சேலம் வழியாக ஏற்காடு போய் அன்றே திரும்புங்கள். போக வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாற்கர சாலை, தொப்பூர் இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவு என எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும்.

தொப்பூரில் அவர் எப்படி இறங்குகிறார் என்று கவனியுங்கள். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டால், அந்தப் பழக்கத்தை அன்றே நிறுத்த வேண்டும். இப்போதைய எஞ்சின்களில் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். அதைவிட முக்கியம், நியூட்ரலில் முழு பாரமும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. மூன்றாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் பாருங்கள். வழி தப்பினால் யார் முகம் சிவக்கிறது? ஏ.சி. வேண்டுமா ஜன்னலா என்பதில் யார் விட்டுக்கொடுக்கிறார்? ஒரு நாளில் சலித்துப்போகிற ஆளுடன் ஐந்தாறு நாள் ஒரே பெட்டிக்குள் உட்கார முடியாது. என் நண்பனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டீ வேண்டும். அது ஏற்காடு போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டெல்லி திட்டத்தில் அந்த டீ நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

படி 2: மாதம்

மே வேண்டாம். நாக்பூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியும் வேண்டாம், ஆக்ரா தாண்டினால் காலையில் பனிமூட்டம் சாலையை மூடிவிடும். அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி சரியாக இருக்கும்.

படி 3: காகிதங்களும் டேக்கும்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் லைசென்ஸ். எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். இருவருமே ஓட்டப்போவதால் நண்பனின் லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆகியிருந்து அவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வராமல் போகலாம்.

ஃபாஸ்டேக்கில் பணம் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கார் என்றால் ஆண்டு பாஸ் எடுப்பது லாபம். 2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. மாநில நெடுஞ்சாலை டோல்களில் செல்லாது என்பதால் டேக்கிலும் கொஞ்சம் இருப்பு இருக்கட்டும்.

படி 4: வண்டி, குறிப்பாக ஸ்டெப்னி

ஆயில், கூலன்ட், பிரேக், வைப்பர், பேட்டரி எல்லாவற்றையும் மெக்கானிக் பார்ப்பார். டயர் காற்றை மட்டும் நீங்களே நின்று பிடியுங்கள், அதுவும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

ஸ்டெப்னியை நாங்கள் பார்க்கவில்லை. சர்வீஸ் விட்ட இடத்தில் "எல்லாம் பாத்தாச்சு சார்" என்றார்கள், நம்பிவிட்டோம். அதிலாபாத்துக்கு முன்னால் பின்பக்க டயர் பஞ்சர். மத்தியானம் இரண்டு மணி. ஸ்டெப்னி டிக்கியின் அடியில் இருக்கிறது. அதன் மேல் இரண்டு பெட்டி, தண்ணீர் கேன், நாக்பூரில் இருக்கும் உறவினருக்குக் கொண்டுபோன ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம். எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கினால், விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. பாதி காற்றுகூட இல்லை. அந்த வெயிலில் மாம்பழம் வேறு ஒரே நாளில் பழுத்துத் தள்ளி, ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு சின்னக் காற்றடிக்கும் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுகிற வகை. அப்புறம், முக்கோண எச்சரிக்கைப் பலகையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள், பெட்டிகளுக்கு அடியில் அல்ல. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033-க்குக் கூப்பிடலாம்.

படி 5: பொதுப் பை

டெல்லி ஏறக்குறைய 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிடைத்தால் 150 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே போவதற்கு மட்டும் 15,000. இதை யார் எப்போது கொடுத்தோம் என்று நடுவழியில் பேசினால் மனக்கசப்புதான். இருவரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பையில் வையுங்கள். பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்தே. பை காலியானால் மறுபடி சமமாகப் போடுங்கள். சிகரெட், வீட்டுக்கு வாங்கும் துணிமணி அவரவர் காசு.

படி 6: ஒரு நாளைக்கு சுமார் 500 கிலோமீட்டர்

முதல் நாள் கர்னூல், சுமார் 450 கிலோமீட்டர். முந்தின இரவு ஒன்பதுக்கே படுத்து, விடிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். ஓசூர், அத்திப்பள்ளி கடந்து ஏழு மணிக்குள் பெங்களூரைத் தாண்டிவிட வேண்டும். எட்டு மணிக்கு அங்கே சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டினால் அன்றைய கணக்கே போச்சு. இரண்டாம் நாள் ஹைதராபாத் வெளிவட்டச் சாலை வழியாக அதிலாபாத். மூன்றாம் நாள் நாக்பூர், 200 கிலோமீட்டர்தான். அது வேண்டுமென்றே வைத்த குறைவு. மதியமே போய்ச் சேர்ந்து தூங்குங்கள், துணி துவையுங்கள். அங்கிருந்து சியோனி, சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா. பெஞ்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் கடக்கச் சாலைக்கு அடியிலேயே வழி விட்டிருக்கிறார்கள். அதைப் பகலில் கடந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

படி 7: ஓடும்போது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். "தூக்கம் வருது" என்று ஒருவர் சொன்னால் அடுத்த வார்த்தை பேசாமல் ஓரங்கட்ட வேண்டும். "இன்னும் இருபது கிலோமீட்டர்தான்" என்பது அங்கே செல்லாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது. அவர் குறட்டை விட்டால் ஓட்டுபவருக்கும் கண் சொருகும்.

இரவில் ஓட்டுவது பற்றி எங்களுக்குச் சொன்னது சியோனி தாண்டி ஒரு தாபாவில் பார்த்த டி.என். 28 லாரியின் டிரைவர். நாமக்கல் வண்டி.

"அண்ணே, நம்ம ஊரா?"

"ராசிபுரம். தம்பிங்க எந்த ஊரு?"

கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழம் இருக்கிறதா என்று கேட்டார். நாக்பூரில் கொடுத்தது போக நான்கு மீதி இருந்தது, கொடுத்தோம். ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றைத் தோலோடு கடித்தபடி சொன்னார்:

"பொழுது சாயறதுக்குள்ள ரூம் போட்ருங்க தம்பி. நாங்களே ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஓரமா நிறுத்திட்டுப் படுத்துருவோம்."

அன்று சாகர் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. வெளிச்சம் இருக்கும்போதே ரூம் எடுத்தோம்.